சான்றிதழ் இருந்தால் போதுமா? சினிமா ப்ராப், ஆட்டோகிராஃப் சந்தையில் போலி நுழையும் இடங்கள்

2024 டிசம்பரில், ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டிருந்த சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி, அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 3.25 கோடி டாலருக்கு விலைபோனது. 2025 ஜூலையில் ‘சிட்டிசன் கேன்’ படத்தின் ‘ரோஸ்பட்’ பனிச்சறுக்கு வண்டி அதே நிறுவனத்தில் 1.475 கோடி டாலருக்கு விற்றது. அதே ஜூலையில் இந்தியானா மாநிலத்தில், கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருட்களை விற்றுவந்த ஒரு வியாபாரி, பல ஆண்டுகளாகப் போலிக் கையெழுத்துகளை, ‘அசல்’ என்று காட்டும் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் போலியாக ஒட்டி விற்றதாக ஃபேஸ்புக்கில் எழுதினார். 35 கோடி டாலருக்கு மேல் விற்றதாக அவர் சொன்ன கணக்கைப் பாதியாகக் குறைத்தே கேட்கலாம். ஸ்டிக்கரையே அச்சடித்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் சேகரிப்பாளர்களைக் கலங்கடித்தது.

இந்தச் செய்திகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். அந்தக் காலணியில் இன்னும் மூன்று ஜோடி இருக்கின்றன என்கிறார்களே, அப்படியானால் எது அசல்? சான்றிதழோடு வரும் பொருள் எப்படிப் போலியாகும்? இவற்றுக்கு விடை தெரிய, ஒரு ப்ராப், அதாவது படக் காட்சியில் பயன்படும் பொருள், எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு காட்சிக்குப் பல பொருட்கள்

படத்தில் ஒன்றாகத் தெரியும் பொருள் படப்பிடிப்புத் தளத்தில் பெரும்பாலும் மூன்று நான்காக இருக்கும். அண்மைக் காட்சிக்கு நுணுக்கமாகச் செய்வது ‘ஹீரோ’ ப்ராப். விழ, உடைய, எறியச் செய்வது ‘ஸ்டண்ட்’ ப்ராப். இது ரப்பரிலோ நுரையிலோ இருக்கும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர்களுக்குக் கொடுப்பது இன்னும் மலிவானது.

ரோஸ்பட் வண்டியையே எடுத்துக்கொள்வோம். நடிக்கும் காட்சிக்குக் கெட்டியான பைன் மரத்தில் வண்டி செய்தார்கள். உலையில் எரியும் காட்சிக்கு, சீக்கிரம் தீப்பிடிக்கும் பால்சா மரத்தில் தனியாகச் செய்தார்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1982-இல் 60,500 டாலருக்கு வாங்கியது பால்சா வண்டி. 2025-இல் விற்றது பைன் வண்டி. இரண்டும் அசல்தான்; வேலைதான் வேறு, எடையும் வேறு. முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட்டுகளிலும் அப்படியே: ஹீரோ ஹெல்மெட்டுகள் வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலும், ஸ்டண்ட் ஹெல்மெட்டுகள் வெள்ளையல்லாத வேறொரு பிளாஸ்டிக்கில் வார்த்து வெள்ளைப் பெயின்ட் அடித்தும் செய்யப்பட்டன. பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் வெள்ளையே தெரியும் ‘ஸ்டண்ட்’ ஹெல்மெட்டைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் அங்கேயே நின்று யோசிப்பார்.

ஆகவே ‘அசலா, போலியா’ என்று இரண்டு பெட்டியில் பிரிக்க முடியாது. நடுவே படிகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாக:

1. ஸ்கிரீன் மேட்ச்: படத்தின் குறிப்பிட்ட ஃபிரேமில் தெரிவது இதே பொருள்தான் என்று கீறல், மரவரி, தையல் ஆகியவற்றை வைத்து நிறுவப்பட்டது.
2. படப்பிடிப்பில் பயன்பட்டது: தளத்துக்குப் போனதற்கு ஆதாரம் உண்டு, எந்த ஃபிரேம் என்று சொல்ல முடியாது.
3. படத்துக்காகச் செய்யப்பட்டது: ப்ராப் பட்டறையில் செய்தார்கள், பயன்படாமலே பெட்டியில் இருந்திருக்கலாம்.
4. அசல் அச்சில் பிறகு வார்த்தது: அச்சு உண்மை, பொருள் படத்துக்குப் பிந்தியது.
5. ரெப்ளிகா: உரிமம் பெற்றதோ பெறாததோ, ரசிகருக்காகச் செய்த நகல்.

விலை ஒவ்வொரு படிக்கும் பல மடங்கு குறையும். இந்தச் சந்தையின் மோசடியில் பெரும்பகுதி, பொருளை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தையை ஒரு படி மேலே ஏற்றுவதுதான். மூன்றாம் படிப் பொருளை ‘படத்தில் வந்தது’ என்று விற்றால் பொய்ச் சான்று எதையும் தயாரிக்கத் தேவையே இல்லை. விளம்பரத்தில் ஒரு சொல் மாறினால் போதும்.

பதிவேடு இல்லாத வீட்டிலிருந்து வந்த பொருள்

ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் ப்ராப்பைச் சேகரிப்புப் பொருளாக நினைக்கவில்லை. அடுத்த படத்துக்கு மாற்றித் தைத்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், வாடகைக்கு விட்டார்கள், குப்பையில் போட்டார்கள். ஊழியர்கள் நினைவுப்பொருளாக எடுத்துப் போனார்கள். 1970 மே மாதம் எம்ஜிஎம் ஸ்டூடியோ தன் கிடங்கைக் காலி செய்து நடத்திய ஏலத்தில்தான் இந்த வணிகம் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. அது ஒன்றே ஒன்று என்று நம்பிக் கேட்டார்கள். ஏலச் செய்தியைப் படித்த டென்னசிப் பெண் ஒருவர், 1940-இல் ஒரு போட்டியில் பரிசாகக் கிடைத்த ஜோடி தன்னிடம் இருக்கிறது என்று சொன்னார். ஆடைப் பிரிவு ஊழியர் ஒருவர் கிடங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளைக் கண்டெடுத்திருந்தார் என்பதும் பிறகு வெளியே வந்தது. இன்று தெரிந்த அளவில் நான்கு ஜோடிகள்.

‘நேராக ஸ்டூடியோவிலிருந்து வந்தது’ என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. 2006 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம், ஸ்டூடியோவின் சொந்தக் கிடங்கிலிருந்து வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர்ப் பொருட்களை ஏலம் விட்டது. டேட்டா என்ற பாத்திரம் சீட்டாடும்போது அணியும் விசர் தொப்பியை 6,000 டாலருக்கு வாங்கியவர், அதை ஒரு ரசிகர் மாநாட்டுக்குக் கொண்டுபோய் நடிகர் ப்ரென்ட் ஸ்பைனரிடம் கையெழுத்துக் கேட்டார். அது அசல் விசர் இல்லை, அசலைத் தானே முன்பு விற்றுவிட்டேன் என்று நடிகர் சொன்னதாகக் கூறி, வாங்கியவர் நீதிமன்றம் போனார். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஒரு விசருக்கு மாற்று விசர் இருந்திருக்கலாம் என்ற எளிய உண்மையே இப்படிப்பட்ட வழக்குக்குப் போதுமானது. தொடர் முடிந்து பத்து இருபது ஆண்டு கழித்து, எது எந்த நாளில் தளத்துக்குப் போனது என்று கிடங்குக்காரருக்குத் தெரிய வழியில்லை.

போலி ப்ராப் எப்படித் தயாராகிறது

வேலை மூன்று கட்டம்: நகலெடுத்தல், பழசாக்கல், கதை சேர்த்தல்.

நகலெடுக்கும் வழிகளில் பரவலானது ரீகாஸ்ட். அசலையோ நல்ல ரெப்ளிகாவையோ சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, பாலியூரிதேன் ரெசின் ஊற்றி வார்ப்பது. இதில் தப்பிக்க முடியாத இரண்டு குறை உண்டு. ரெசின் இறுகும்போது சிறிது சுருங்கும். அதனால் வார்ப்பின் வார்ப்பு மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும், அதிலிருந்து எடுப்பது இன்னும் சிறியதாகும். இரண்டாவது, ஒவ்வொரு தலைமுறையிலும் கூர்மையான விளிம்பு மழுங்கும். மூலத்தில் இருந்த காற்றுக்குமிழிப் பள்ளமும் கீறலும் பெயின்டுக்கு அடியில் அப்படியே அச்சாகி வரும். அசலில் உலோகத்தைக் கீறிய கோடு நகலில் வழவழப்பான பள்ளமாக இருந்தால் அது வார்ப்பு. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புகைப்படத்தோடு நிற்காமல், வெர்னியர் காலிப்பரில் எடுத்த அளவையும் எடையையும் கேட்கிறார்கள்.

அசல் அச்சு வைத்திருப்பவர் பின்னாளில் வார்த்தால்? ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட்டைப் பிளாஸ்டிக்கில் உருவாக்கிய ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த், 2004 முதல் அவற்றைத் திரும்பச் செய்து விற்றார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் அமெரிக்க நீதிமன்றத்தில் 2 கோடி டாலர் தீர்ப்புப் பெற்றது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2011-இல், ஹெல்மெட் சிற்பம் ஆகாது, ஆகவே அந்நாட்டுப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்றது. அமெரிக்கப் பதிப்புரிமை மீறலுக்கு இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. அவர் விற்றதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அப்படி விற்ற ஹெல்மெட் மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போது ‘பிறகு செய்தது’ என்ற விவரம் வழியில் உதிர்ந்துவிடும். சந்தையிலுள்ள நான்காம் படிப் பொருட்கள் இரண்டாம் படிக்கு ஏறுவது பெரும்பாலும் இப்படி, யாரும் நேரடியாகப் பொய் சொல்லாமலேதான்.

பழசாக்குவதற்குத் தேயிலைச் சாயம், ஷூ பாலிஷ், மணல்தாள், களிமண் தூள் ஆகியவை போதும். மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: போலித் தேய்மானம் பொருள் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். கையில் பிடிக்கும் பொருள் உண்மையில் தேய்வது பிடி, விசை, உறையில் உரசும் விளிம்பு ஆகிய இடங்களில்தான். அழுக்கு கீறலுக்குள் இருக்கிறதா, கீறல் அழுக்கின் மேல் ஓடுகிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எது முந்தியது என்று தெரியும்.

எல்லாப் பழசும் நன்றாக இருந்தாலும் சந்தேகம்தான். ஃபோம் லேட்டக்ஸில் செய்த முகமூடியும் விலங்கும் சில பத்தாண்டுகளில் இறுகி, வெடித்து, பொடியாக உதிரும். 1980-களின் ஃபோம் லேட்டக்ஸ் முகமூடி இன்றும் மெத்தென்று வளைந்தால், பிறகு செய்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொருளே சொல்லும் சாட்சி

நம்பத்தகுந்த ஆதாரம் பொருளின் குறைகளில் இருக்கிறது. 2005 ஆகஸ்டில் மினசோட்டாவின் ஜூடி கார்லண்ட் அருங்காட்சியகத்தில் திருடுபோன சிவப்புக் காலணிகளை எஃப்பிஐ 2018-இல் மீட்டது. (திருடியவர் அவற்றில் உண்மையான மாணிக்கக் கற்கள் இருப்பதாக நினைத்திருக்கிறார், இருந்தது கண்ணாடி.) மீட்டவை அசல்தானா என்று பார்க்க, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஜோடியோடு வைத்து ஒப்பிட்டார்கள். அப்போது தெரிந்தது, இரண்டு ஜோடிகளும் என்றோ கலந்துபோய்விட்டன என்பது: ஸ்மித்சோனியனில் இருக்கும் வலது, இடதுக்கு உண்மையான இணைகள் மீட்ட ஜோடியில் இருந்தன. நிறமற்ற கண்ணாடி மணியில் சிவப்புப் பெயின்ட் அடித்துச் செய்த ஒட்டுவேலையும் இரண்டிலும் இருந்தது. நகலெடுப்பவர் அழகான ஜோடியைத்தான் செய்வார். பொருந்தாத ஜோடியைச் செய்யத் தோன்றாது.

அதே படத்தில் ஜூடி கார்லண்ட் நடித்த டாரதி பாத்திரத்தின் கவுன் ஒன்று 2021-இல் வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பையிலிருந்து கிடைத்தபோதும், பார்வையில் படாத விவரங்களே உதவின: பாவாடையின் வலப்பக்கம் கைக்குட்டை வைக்க ஒரு மறைவுப் பை, மெல்லிய துணியில் தைத்த மேல்சட்டை, உள்ளே கையால் எழுதிய ‘ஜூடி கார்லண்ட் 4223’ என்ற பட்டை. பட்டை மட்டும் என்றால் போதாது. ஆடைக் கம்பெனிப் பட்டைகளைப் பழைய, மலிவான உடைகளிலிருந்து பிரித்து வேறு உடையில் தைப்பது பழைய தந்திரம். பட்டையின் ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித்துளை இருக்கிறதா, தைத்த நூல் மற்றத் தையல்களின் நூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

காலத்துக்குப் பொருந்தாத பொருள் கண்ணில் பட்டால் வேலை சீக்கிரம் முடியும். கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய சில ஆண்டுகள்:

1. பாலியெஸ்டர் நூலும் வெல்க்ரோவும் சந்தைக்கு வந்தது 1950-களில். 1939-இன் உடையில் அவை இருந்தால் பின்னாள் பழுதுவேலை, அல்லது பின்னாள் உடை.
2. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் 1945 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. ஷார்பி மார்க்கர் 1964-இல். ஜெல் பேனா 1980-களில்.
3. புகைப்படத் தாளில் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் வெண்மையூட்டி சேர்ந்தது 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகு.
4. பிரகாசமான நீல எல்இடி 1993-க்குப் பிறகு. 1980-களின் விண்வெளிப் பட ப்ராப்பில் அது எரிந்தால் யாரோ பிறகு போட்டது.
5. மின்னணு ப்ராப்பைத் திறக்க அனுமதித்தால் ஐசி சிப்பில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 9412 என்றால் பெரும்பாலும் 1994-இன் 12-ஆம் வாரத்தில் தயாரானது.

இதில் ஒரு எச்சரிக்கை. காலம் பொருந்தாதது போலி என்பதைக் காட்டும். பொருந்துவது அசல் என்பதைக் காட்டாது. பழைய தாளும் பழைய பேனாவும் மோசடிக்காரருக்கும் கிடைக்கும்.

ஸ்கிரீன் மேட்ச் என்று வரும் ஆதாரத்தையும் அளந்தே ஏற்க வேண்டும். ப்ளூ-ரே அல்லது 4கே பதிப்பிலிருந்து எடுத்த ஃபிரேம், அதே கோணத்தில் எடுத்த பொருளின் படம், குறைந்தது மூன்று நான்கு தற்செயல் அடையாளம்: இவை வேண்டும். ‘தற்செயல்’ என்பதில்தான் விஷயம். அச்சிலேயே இருக்கும் பள்ளம் அந்த அச்சில் வார்த்த எல்லாவற்றிலும் இருக்கும். அது பொருந்துவதில் பயனில்லை. மரவரி, பெயின்ட் தெறிப்பு, கைத்தையலின் கோணல், விழுந்து பெயர்ந்த மூலை ஆகியவை ஒரு பொருளுக்கே உரியவை. ஆனால் படத்தில் தெளிவாகத் தெரியும் கீறலை நகலில் போட்டுவிட முடியும். அதனால் திரையில் தெரியாத, தளத்தில் எடுத்த புகைப்படத்தில் மட்டுமே தெரியும் அடையாளம் ஒன்று கிடைத்தால் அதன் எடை அதிகம்.

கையெழுத்து: போலியில் ஐந்து வகை

ப்ராப்பைவிடக் கையெழுத்து ஏமாற்றுவதற்கு மலிவு. பத்து டாலர் புகைப்படமும் ஒரு மார்க்கரும் போதும். எல்லாத் தவறான கையெழுத்தும் மோசடி நோக்கத்தில் பிறந்ததில்லை என்பதால் வகை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகை பிறர் போட்டது. பழைய ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவின் ரசிகர் புகைப்படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்திட்டது அவருடைய அம்மா. வால்ட் டிஸ்னிக்காக அவருடைய ஓவியர்கள் சிலர் போட்டார்கள். பீட்டில்ஸ் குழுவுக்கு அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் போட்டார்கள். காகிதம் அசல், காலம் அசல், ஸ்டூடியோ உறைகூட அசல். கை மட்டும் வேறு.

இரண்டாவது ஆட்டோபென், அதாவது பேனாவைப் பிடித்து ஒரே வடிவத்தை எழுதும் இயந்திரம். 2022 நவம்பரில் பாடகர் பாப் டிலனின் புத்தகத்தை, கைப்படக் கையெழுத்திட்டது என்று 599 டாலருக்கு 900 பிரதி விற்றார்கள். பதிப்பாளரின் உறுதிக் கடிதமும் உள்ளே இருந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். சில நாளில் குட்டு வெளிப்பட்டது. பதிப்பாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், டிலன் மன்னிப்புக் கேட்டார். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. மனிதர் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியாது. இரண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல்படத்தை 50 சதவீதம் ஒளி ஊடுருவச் செய்தால், ஆட்டோபென் கோடுகள் அச்சாக ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற மைப்புள்ளியும், கோடு முழுவதும் ஒரே அழுத்தமும் அதன் துணை அடையாளங்கள்.

மூன்றாவது, புகைப்படத்தோடு சேர்த்தே அச்சிட்டது. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் மார்க்கர் மை தாளின் பளபளப்பிலிருந்து வேறாக மின்னும், அச்சு மின்னாது. நான்காவது ரப்பர் ஸ்டாம்ப்: கோட்டின் ஓரத்தில் மை ஒதுங்கி நிற்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மேல் கோடு, கீழ்க் கோடு என்ற அடுக்கே இருக்காது.

ஐந்தாவதுதான் உண்மையான மோசடி: கையால் பார்த்து எழுதியது. பார்த்து எழுதும் கை வேகம் குறையும். மெல்லிய நடுக்கம் தெரியும். எழுத்தின் தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும். வேகமாகப் போடுபவரின் கோடு முனையில் மெலிந்து ஓடும். தேவையில்லாத இடத்தில் பேனா தூக்கியிருக்கும். தேர்ந்த மோசடிக்காரர் வேகத்தைப் பழகிவிடுவார் என்பதால் இதுவும் முழுக் கவசம் ஆகாது. அப்போது உதவுவது காலம்: ஒரு நடிகரின் 1977 கையெழுத்தும் 2015 கையெழுத்தும் ஒன்றாக இருப்பதில்லை. போலி போடுபவர்கள் இணையத்தில் அதிகம் கிடைக்கும் பிற்கால வடிவத்தைக் கற்றுக்கொண்டு பழைய புகைப்படத்தில் போடுவார்கள். ஒப்பிடும் மாதிரி அதே ஆண்டு, அதே சூழலினதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து காசோலையில் போட்டதும் கூட்டத்தில் நின்றபடி போட்டதும் இயல்பாகவே வேறுபடும்.

1962-இல் இறந்த மர்லின் மன்றோவின் பெயரில் ஷார்பி மையில் கையெழுத்து வந்தால் இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. அப்படியும் விற்கப் பார்க்கிறார்கள்.

சான்றிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

சான்றிதழ் இரண்டு வகை. கையெழுத்துப் போடும்போது அருகில் இருந்து பார்த்தவர் கொடுப்பது ஒன்று. போட்ட பிறகு பார்த்துக் கருத்துச் சொல்வது மற்றொன்று. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய பெரிய கையெழுத்துச் சரிபார்ப்பு நிறுவனங்கள் இரண்டையும் கொடுக்கின்றன. இரண்டின் எடை வேறு. பின்னது அனுபவசாலியின் கருத்து. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைதான்.

எஃப்பிஐ 1990-களின் இறுதியில் நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற போலிக் கையெழுத்து விசாரணை இதை அம்பலமாக்கியது. 1999 அக்டோபரில் சோதனைகள் நடந்தன. காலப்போக்கில் 18 மோசடிக் கும்பல்கள் கலைக்கப்பட்டன. கையெழுத்துப் போடுபவர், பொருள் வாங்கித் தருபவர், சான்றிதழ் அச்சடிப்பவர், மொத்த வியாபாரி என்று தொழில் பிரிந்து நடந்தது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் பிடிபட்டன. வாங்க ஆள் இருந்திருக்கிறது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே அமெரிக்க பேஸ்பால் லீக் 2001-இல், பணியிலிருக்கும் அல்லது ஓய்வுபெற்ற காவல்துறையினரை நேரில் சாட்சியாக வைத்து ஹோலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. சினிமாத் துறையில் அப்படிப் பொதுவான ஏற்பாடு கிடையாது.

ஹோலோகிராம் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் ‘உண்டு’ என்று வருவது மட்டும் போதாது. அசல் எண் ஒன்றை எடுத்துப் பல போலி ஸ்டிக்கரில் அச்சடிப்பதுதான் வழக்கம். தளத்தில் பொருளின் படம் இருந்தால், கையெழுத்து விழுந்த இடமும் கோணமும் உங்கள் பொருளோடு மில்லிமீட்டர் அளவில் ஒத்துப்போக வேண்டும். படம் இல்லாத எண்ணுக்குப் பாதி மதிப்பு.

சட்டம் ஓரளவு உதவுகிறது. கலிஃபோர்னியாவில் 1990-களில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று வந்த சட்டம், 2017 ஜனவரி முதல் எல்லாக் கையெழுத்துப் பொருளுக்கும் விரிந்தது. தன் பெயரில் வரும் போலிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய நடிகர் மார்க் ஹாமில் அதற்கு முக்கியக் குரல். ஆனால் 5 டாலர் பொருளுக்கும் சான்றிதழ் என்று எழுதிவிட்டதால், எழுத்தாளர் கையெழுத்திட்ட புத்தகம் விற்கும் கடைகள் சிக்கின. ஒரு கடை வழக்குப் போட்டது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, வரம்பை 50 டாலராக்கிப் புத்தகங்களை விலக்கினார்கள். இதன்படி வியாபாரி தரும் சான்றிதழில் உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தின்போது அவர் இருந்தாரா என்பதும் இருக்க வேண்டும். நகலை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஏமாற்றினால் நஷ்டத்தின் 10 மடங்கு வரை தண்டத்தொகை. வேறு நாட்டில் விற்பவரை இது எட்டுவது கடினம் என்றாலும், எந்தச் சான்றிதழையும் அளக்க இந்தப் பட்டியல் நல்ல அளவுகோல்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

வரிசை முக்கியம். முதல் கேள்விக்குச் சரியான பதில் இல்லையென்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. மேலே சொன்ன ஐந்து படிகளில் எந்தப் படி என்று விற்பவரை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘படத்தோடு தொடர்புடையது’, ‘பயன்பட்டதாகக் கருதப்படுகிறது’ என்பவை எந்தப் படியும் இல்லை.
2. படப்பிடிப்புத் தளத்திலிருந்து இன்றுவரை யார் யார் கைக்குப் போனது என்று கேளுங்கள். ‘படக்குழுவில் இருந்த ஒருவர்’ என்றால், அவருடைய பெயர் படத்தின் பட்டியலில் இருக்கிறதா, அந்தத் துறையில் இருந்தாரா? ஒலிப்பதிவு உதவியாளர் கையில் ஹீரோ உடை வந்தது எப்படி என்று கேட்பதில் தப்பில்லை. பழைய ஏலப் பட்டியல் எண் கொடுத்தால், அந்தப் பட்டியலின் படத்தோடு கீறல்களை ஒப்பிடுங்கள். அசல் ஒன்று ஏலம் போயிருக்கும், அதன் காகிதத்தோடு நகல் உங்களிடம் வரும்.
3. உரிமை யாருடையது? 1970-களில் காணாமல்போன, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதல் எண்டர்பிரைஸ் விண்கல மாதிரி, 33 அங்குலம், 2023-இல் இபே தளத்தில் தலைகாட்டியது. அசல் என்று உறுதியான பிறகு அது போய்ச் சேர்ந்தது தொடரை உருவாக்கியவரின் மகனிடம். அசல் என்று நிரூபிப்பதே உங்கள் கையிலிருந்து அதைப் பறிக்கவும் கூடும்.
4. அளவு, எடை, உட்புறம், அடிப்பகுதி, தையலின் உள்பக்கம், புற ஊதா விளக்கில் எடுத்த படம். தர மறுத்தால் அதுவே பதில்.
5. ஏலத்தில் வாங்கினால் நிபந்தனைகளைப் படியுங்கள். உத்தரவாதம் பட்டியலின் எந்த வரிக்கு, எத்தனை காலத்துக்கு என்பது அங்கேதான் இருக்கும். தடித்த எழுத்துத் தலைப்புக்கு மட்டும் உத்தரவாதம், விளக்கப் பத்திக்கு இல்லை என்பது சகஜம். ஏலக் கட்டணத்தையும் கூட்டுங்கள்: சிவப்புக் காலணியில் சுத்தியல் விழுந்தது 2.8 கோடி டாலரில், கட்டியது 3.25 கோடி.

பணம் கட்டும் வழி கடைசியில் வந்தாலும், தப்பு நடந்தால் காப்பாற்றுவது அதுதான். இபே உத்தரவாதத்தில் பொதுவாகப் பொருள் வந்து 30 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் பேபாலில் பணம் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘கட்டணம் மிச்சமாகும், அப்படி அனுப்புங்கள்’ என்று விற்பவர் கேட்பது பெரும்பாலும் இதற்காகத்தான். நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்து வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், பொருள் கைக்கு வந்த நாளிலேயே பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து, அந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அப்போதே எடுத்துவைக்க வேண்டும். தகராறு வரும்போது விற்பவர் முதலில் மாற்றுவது அந்த விளக்கத்தைத்தான்.